எம்ஜிபி ரோட்ஸ்டர்: அழுகிய சில்லையும் நசுங்கிய ஃபெண்டரையும் மாற்றும் முறை

எம்ஜி நிறுவனத்தின் பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபிக்குத் தனிச் சேஸிஸ் கிடையாது. அதற்கு முன் வந்த எம்ஜிஏவில் இருந்தது. பாடி எவ்வளவு அழுகினாலும் கீழே ஒரு சட்டம் காரைத் தாங்கி நின்றது. 1962-இல் வந்த எம்ஜிபியில் தகடுகளை மடித்துப் பற்றவைத்த பாடியேதான் சேஸிஸ். கூரை இல்லாத ரோட்ஸ்டர் மாடலில் முன்பாதியையும் பின்பாதியையும் இழுத்துப் பிடிப்பவை, கதவுகளுக்குக் கீழே ஓடும் இரண்டு சில் பெட்டிகளும் நடுவிலுள்ள கியர்பாக்ஸ் டனலும்தான். வெளித்தகடு மாற்றுகிற சின்ன வேலை என்று எண்ணி கிரைண்டரை எடுத்தால், பாதி வேலையில் கார் நடுவில் தொய்ந்துவிடும். அந்தத் தொய்வோடு புதுச் சில்லைப் பற்றவைத்துவிட்டால் கதவு ஒருநாளும் சரியாக மூடாது. அதைத் திருத்த வேண்டுமானால் புதிதாக வைத்ததையே மறுபடி அறுக்க வேண்டும்.

ஆகவே வேலை முடியும்வரை கண் இருக்க வேண்டிய இடம் கதவைச் சுற்றியுள்ள இடைவெளி. நல்ல எம்ஜிபியில் அது சுமார் 4 முதல் 5 மி.மீ. அளவில் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக ஓடும். இதைவிட நம்பகமான அளவுகோல் இந்தக் காரில் வேறு இல்லை.

சேதத்தைக் கணக்கெடுப்பது

முதலில் ஒரு ஸ்க்ரூடிரைவரும் காந்தமும் போதும். முன் ஃபெண்டரின் கீழ்ப் பின்மூலை, சில்லின் அடி விளிம்பு, பின் சக்கரத்துக்கு முன்னாலுள்ள வளைவு, பின் சக்கர ஆர்ச், தரைத்தகடு சில்லோடு சேரும் ஓரம், கதவுக் கீல் தூணின் அடி ஆகிய இடங்களில் ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பாருங்கள். பெயிண்ட் பளபளவென்று இருந்தும் காந்தம் ஒட்டாவிட்டால் உள்ளே கனமாகப் பட்டி இருக்கிறது. பானட் மட்டும் விதிவிலக்கு: 1960-களின் கார்களில் பானட் அலுமினியம், அதில் காந்தம் ஒட்டாதது சரிதான். அந்தப் பானட் நெளிந்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். பின்னால் வந்த எஃகுப் பானட்டைவிட எடை மிகக் குறைவு, அலுமினியம் அடித்துச் சீராக்கத் தெரிந்தவர் கிடைத்தால் காப்பாற்றத் தகுந்தது.

முன் ஃபெண்டரின் பின்மூலை ஏன் எல்லாக் கார்களிலும் அதே இடத்தில் அழுகுகிறது என்றால், முன் சக்கரத்துக்குப் பின்னால் ரப்பர் விளிம்போடு ஒரு சேற்றுத் தடுப்புத் தகடு இருக்கிறது. அந்த ரப்பர் காய்ந்து சுருங்கியதும் சக்கரம் வாரியடிக்கும் சேறு தகட்டுக்குப் பின்னால் போய்ச் சேர்கிறது. ஈரமும் சாலை உப்பும் கலந்த அந்த மண் ஃபெண்டரையும் அதன் பின்னாலுள்ள சில்லின் முன்முனையையும் சேர்த்துத் தின்கிறது. ஃபெண்டரின் மூலையில் ஓட்டை தெரிந்தால் உள்ளே சில்லும் போயிருக்கிறது என்றே கணக்கு வையுங்கள்.

அடுத்து, முன்பு யாராவது ஒப்பேற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். இந்தக் காரில் சில்லின் வெளித்தகடு முன் ஃபெண்டருக்குப் பின்னால் உள்ளே நுழைந்து முன்னோக்கிப் போகும். அதனால் கதவின் முன் விளிம்புக்குக் கீழே, ஃபெண்டரும் சில்லும் சந்திக்கும் இடத்தில் ஓர் இணைப்புக்கோடு கண்ணுக்குத் தெரிய வேண்டும். அந்தக் கோடு இல்லாமல் வழவழவென்று இருந்தால், அழுகிய சில்லின் மேலேயே ஒரு மூடி போட்டுப் பற்றவைத்துப் பட்டி பூசியிருக்கிறார்கள். அந்த மூடிக்கு வலு ஏதும் இல்லை. உள்ளே ஈரத்தைப் பூட்டி வைத்து மிச்சத்தையும் அழிக்கும். பிரிட்டனில் 40 வயது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு 2018 மே முதல் எம்ஓடி என்ற வருடாந்தரத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. அதாவது இந்த ஒப்பேற்றலைப் பிடித்துத் தருவதற்கு இனி சோதகர் வர மாட்டார், நீங்களே பிடிக்க வேண்டும்.

விபத்தில் அடிபட்ட காரென்றால் வேறு மாதிரி பார்க்க வேண்டும். எஞ்சின் அறையில் வலப்பக்கப் பின்மூலையிலிருந்து இடப்பக்க முன்மூலைக்கும், அதேபோல் மறு மூலைவிட்டத்துக்கும் ஒரே மாதிரியான இரண்டு போல்ட் ஓட்டைகளை வைத்து அளந்து பாருங்கள். இரண்டு அளவுக்கும் 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் வளைந்தது ஃபெண்டர் மட்டுமல்ல. உள் ஃபெண்டரோ அதன் கீழேயுள்ள பெட்டிச் சட்டமோ நகர்ந்திருக்கிறது. அப்படிப்பட்ட காரை முதலில் ஜிக்கில், அதாவது பாடியைப் பிடித்து அளவுக்கு இழுக்கும் சட்டத்தில், ஏற்றி இழுக்க வேண்டும். நசுங்கிய பேனலை அறுத்துவிட்டு அப்புறம் இழுக்கலாம் என்று பலரும் நினைக்கிறார்கள், அது தலைகீழ். குப்பைக்குப் போகப்போகிற அந்தப் பழைய பேனல்தான் இழுவையைப் பின்னாலுள்ள சட்டங்களுக்குக் கடத்துகிறது. அது இருக்கும்போதே இழுத்து அளவைக் கொண்டுவந்து, பிறகு அறுங்கள்.

எதை அடித்துச் சரிசெய்யலாம், எதை மாற்ற வேண்டும்? தகடு மடிந்து கூர்மையான முறிவு விழுந்திருந்தால், நீட்சி அதிகமாகிப் பானை வயிறு போல உப்பியிருந்தால், விளிம்பு மடிப்புகள் துருவில் ஊதியிருந்தால் மாற்றிவிடுவதே மேல். முன் ஃபெண்டர் போல்ட்டில் மாட்டுவது என்பதால் அதில் நாள் கணக்காகச் சுத்தி தட்டுவது லாபமில்லை. பின் ஃபெண்டர் முழுக்க வெல்டிங்கில் நிற்பது. அங்கே டாலியும் (தகட்டுக்குப் பின்னால் தாங்கிப் பிடிக்கும் இரும்புக் கட்டை) சுத்தியும் கொண்டு மீட்க முடிந்ததை மீட்பதே புத்திசாலித்தனம்.

பேனல் வாங்கும்போது

1980-இல் அபிங்டன் தொழிற்சாலை மூடும்வரை எம்ஜிபி 5 லட்சத்துக்கும் மேல் உற்பத்தியானது. அதனால் பாகத்துக்குப் பஞ்சமில்லை, தரத்துக்குத்தான் பஞ்சம். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் பழைய தொழிற்சாலை அச்சுகளைக் கொண்டு 1988 முதல் எம்ஜிபியின் முழு பாடியையே செய்து தருகிறது. அதே அச்சில் அடித்த தனிப் பேனல்களும் கிடைக்கின்றன. விலை அதிகம்தான். ஆனால் மலிவான நகல் ஃபெண்டரில் ஹெட்லைட் குழியின் வட்டமும் பக்கவாட்டு மடிப்புக்கோடும் ஒத்துவராமல், அதைச் சரிக்கட்டவே பட்டியும் கூலியும் சேர்ந்து அந்த மிச்சத்தைத் தின்றுவிடும். காசை மிச்சம் பிடிப்பதென்றால் சில்லுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் நடுத்தகட்டில் பிடியுங்கள், ஃபெண்டரில் வேண்டாம்.

ஆர்டர் செய்யும்போது வருடத்தைச் சொல்லுங்கள். 1974 இறுதியில் குரோம் பம்பர் போய்க் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது. அதற்கு முந்தைய ஃபெண்டரும் பிந்தைய ஃபெண்டரும் ஒன்றுக்கொன்று பொருந்தாது. கூரையுள்ள ஜிடி மாடலின் பின் ஃபெண்டரும் வேறு.

ஒரு பக்கச் சில்லை முறையாக மாற்ற வேண்டியவை: வெளிச் சில், அதற்குள் நிற்கும் நடுத்தகடு, உள் சில்லின் கீழ்ப்பாதி, காஸில் ரயில் என்று சொல்லப்படும் அடிச்சட்டம், பின் ஃபெண்டரின் கீழ்த்துண்டு. தரையின் ஓரம் போயிருந்தால் அதற்கும் தகடு. வெளிச் சில்லுக்கும் பின் ஃபெண்டர் ஒட்டுக்கும் 20 கேஜ், அதாவது 0.9 மி.மீ. தகடு சரி, அடிச்சட்டத்துக்கு 18 கேஜ், 1.2 மி.மீ. வெளிச் சில்லைத் திறந்த பிறகு நடுத்தகடு பார்க்க நன்றாக இருந்தாலும் மாற்றிவிடுங்கள். அதை இன்னொரு முறை பார்க்க மறுபடி எல்லாவற்றையும் அறுக்க வேண்டும்.

வெல்டிங்குக்கு கம்பி ஊட்டும் சிஓ2 மெஷின் போதும், 0.6 மி.மீ. கம்பி. சுத்தமான சிஓ2 வாயு மெல்லிய தகட்டில் சூடாக எரியும், பொறியும் அதிகம். ஆர்கான் கலந்த வாயு கிடைத்தால் ஓட்டை விழுவது வெகுவாகக் குறையும். கேஸ் வெல்டிங்கில் கைதேர்ந்தவர்கள் பழைய வழியில் செய்யலாம், ஆனால் நீளமான சில்லில் அந்தச் சூடு தகட்டை நெளித்துவிடும். கிரிப் பிளையர் டஜன் கணக்கில் வேண்டும். இருப்பது போதும் என்று எந்தப் பட்டறையிலும் சொன்னதில்லை.

அறுப்பதற்கு முன்

பேட்டரியைக் கழற்றுங்கள். 1974 வரை வந்த பெரும்பாலான கார்களில் சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருக்கும்; இரண்டையும் வெளியே எடுங்கள். 1967 இறுதிக்குப் பிந்தைய கார்களில் ஆல்டர்னேட்டர் இருக்கிறது, அதன் ஒயரையும் பிரித்துவிடுங்கள். பெட்ரோல் டேங்க் டிக்கிக்கு அடியில் தொங்குகிறது. பின் ஃபெண்டரில் கை வைப்பதாக இருந்தால் டேங்கை இறக்கிப் பட்டறைக்கு வெளியே வைக்க வேண்டும். காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்தானது. எரிபொருள் குழாயும் பேட்டரி ஒயரும் தரைக்கு அடியில் ஓடுகின்றன, அவற்றையும் விலக்குங்கள். தரையில் ஒட்டியிருக்கும் தார்ப் பாய் மறுபக்கம் வெல்டிங் விழுந்தாலே புகைந்து பற்றும். வெல்டு கோட்டிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குச் சுரண்டிவிடுங்கள். கண்ணாடியை நனைத்த சாக்கால் மூடாவிட்டால் கிரைண்டர் பொறி அதில் புள்ளி புள்ளியாக உருகி ஒட்டும், எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

இப்போது காரை நிறுத்துவது. முன்னால் ஸ்டாண்டுகள் முன் குறுக்குச் சட்டத்தை ஒட்டிய பெட்டிச் சட்டங்களுக்கு அடியிலும், பின்னால் பின் ஆக்ஸிலுக்கு அடியிலும் இருக்க வேண்டும். அப்போதுதான் கார் சாலையில் நிற்பதுபோல எடை விழும். எஞ்சினை இறக்கிவிட்டுச் சில் மாற்றினால், எஞ்சின் திரும்ப ஏறியதும் கதவு இடைவெளி மாறும். வேறு காரணத்துக்காக எஞ்சின் வெளியே இருந்தால் இதை நினைவில் வைத்து முன்பக்கத்தில் எடை ஏற்றுங்கள்.

இரண்டு கதவுகளையும் மூடி, முன்பக்கம் மேலும் கீழும், பின்பக்கம் மேலும் கீழும் என்று ஒரு கதவுக்கு நான்கு இடங்களில் இடைவெளியை அளந்து மாஸ்கிங் டேப்பில் அந்தந்த இடத்திலேயே எழுதி ஒட்டுங்கள். கார் ஏற்கெனவே தொய்ந்திருந்தால் பின் மேல்மூலையில் இடைவெளி குறுகிப் பின் கீழ்மூலையில் அகன்றிருக்கும். கீல் தேய்ந்ததாலும் கதவு தொங்கும் என்பதால், கதவின் பின்முனையைக் கையால் தூக்கிப் பாருங்கள்; ஆடினால் முதலில் கீலைச் சரிசெய்யுங்கள். ஆடாமலே இடைவெளி கோணலாக இருந்தால் பாடிதான் தொய்ந்திருக்கிறது. அகலமான பலகையைத் தரைக்கு அடியில் கொடுத்து ஜாக்கியால் மெல்ல மெல்ல ஏற்றி, இடைவெளி சமமாகும் இடத்தில் நிறுத்துங்கள்.

அந்த நிலையில் பாடியைப் பூட்ட வேண்டும். 25 மி.மீ. சதுரக் குழாய், 2 மி.மீ. சுவர். கீல் தூணிலிருந்து பூட்டுத் தூணுக்கு மேல்பக்கம் ஒன்று, குறுக்காக மூலைவிட்டத்தில் ஒன்று, இடது பூட்டுத் தூணிலிருந்து வலது பூட்டுத் தூணுக்குக் காரின் குறுக்கே ஒன்று. எல்லாம் கேபினின் உள்பக்கமாகவே போக வேண்டும், கதவு மூடித் திறக்க வழி இருக்க வேண்டும். கதவைக் கழற்றி வைத்துவிட்டு அந்த வாயிலில் குழாயைக் கொடுப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் வேலையின் நடுவே கதவை மாட்டிப் பார்க்க முடியாது, அளவுகோலே கைவிட்டுப் போனமாதிரி. ஒரு பக்கம் முழுக்க முடிந்த பிறகே மறுபக்கம். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் திறந்திருக்கக் கூடாது. குழாய் இருந்தாலும் கூடாது.

முன் ஃபெண்டரைக் கழற்றுவது

புதுச் சில் ஃபெண்டருக்குப் பின்னால் போவதால் ஃபெண்டர் கழன்றே ஆக வேண்டும். கிரில், பம்பர், ஹெட்லைட், இண்டிகேட்டர், சேற்றுத் தடுப்புத் தகடு எல்லாம் முதலில் வெளியே. போல்ட்டுகள் பெரும்பாலும் கால் இஞ்ச் யூஎன்எஃப் மரை (இஞ்ச் அளவிலான நுண்மரை), 7/16 இஞ்ச் ஸ்பேனர். மில்லிமீட்டர் ஸ்பேனரை மாட்டித் தலையை உருட்டிவிடாதீர்கள். பானட் ஓரத்தில் ஒரு வரிசை தெரியும். அடியில் சில்லோடு சேரும் இடத்தில் சில. கதவுத் தூணை ஒட்டிய பின் விளிம்புக்கான போல்ட்டுகளைக் கேபினுக்குள் டாஷ்போர்டு ஓரத்துக்குப் பின்னால் கைவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். ரோட்ஸ்டரில் முன் கண்ணாடிச் சட்டத்தையும் கழற்றிவிட்டால் மேல் பின்மூலை நிம்மதியாக வரும்.

நட்டுகள் உள் ஃபெண்டரின் கூண்டுக்குள் இருப்பவை. போல்ட்டைப் பலவந்தமாகத் திருகினால் நட்டு கூண்டோடு சுற்றும், அப்புறம் அது கழறவும் கழறாது இறுகவும் இறுகாது. துரு இளக்கும் எண்ணெயை முதல்நாளே விட்டு, மறுநாள் கால் சுற்று இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். சுற்ற ஆரம்பித்துவிட்டால் போல்ட் தலையை டிரில் போட்டு எடுத்துவிட்டு, கூண்டு நட்டைப் புதிதாக வைப்பதே நேரம் மிச்சம்.

சில்லை அறுத்து எடுப்பது

எங்கே எது எதோடு சேர்கிறது என்று தெரிந்தால் அறுப்பது சுலபம். சில்லின் மேல் விளிம்பில், கதவு ரப்பர் உட்காரும் இடத்தில், உள் சில், நடுத்தகடு, வெளிச் சில் மூன்றும் சேர்ந்து ஸ்பாட் வெல்டில் நிற்கின்றன. அடி விளிம்பில் அடிச்சட்டம், நடுத்தகடு, வெளிச் சில். இரண்டு இடத்திலும் மூன்று அடுக்கு.

விளிம்பிலிருந்து சுமார் 25 மி.மீ. உள்ளே தள்ளி, 1 மி.மீ. கட்டிங் வீலால் வெளிச் சில்லின் முகத்தை நீளவாக்கில் அறுத்து எடுத்துவிடுங்கள். வீல் ஆழமாகப் போய் நடுத்தகட்டையோ உள் சில்லையோ வெட்டக் கூடாது. இப்போது உள்ளே முழுதும் தெரியும், கொட்டுகிற துருவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். விளிம்பில் மிச்சமிருக்கும் பட்டையில் ஸ்பாட் வெல்டுகளை எமரியால் தேய்த்தால் வட்டவட்டமாகத் தெரியும். 8 மி.மீ. ஸ்பாட் வெல்டு பிட்டால் மேல் தகட்டை மட்டும் வெட்டி, மெல்லிய உளியால் நெம்பி உரியுங்கள். உள் சில்லின் மேல் விளிம்பு நல்ல நிலையில் இருந்தால் அதைக் கிழிக்காமல் காப்பாற்றுவது முக்கியம், புதுச் சில்லின் உயரத்தை அதுதான் சொல்லும்.

பின்முனையில் வெளிச் சில் பின் ஃபெண்டருக்கு உள்ளே போகிறது. ஃபெண்டரின் கீழ்ப்பகுதியை 100 முதல் 150 மி.மீ. உயரத்துக்கு நேர்க்கோட்டில் அறுத்து எடுத்தால் அந்த முனை வெளியே தெரியும். அந்தப் பகுதி எப்படியும் துருவேறி இருக்கும், புதிய கீழ்த்துண்டு வாங்கச் சொன்னது அதனால்தான். இங்கே அறுக்க மனமில்லாமல் சில்லைப் பின் ஃபெண்டரின் விளிம்போடு நறுக்கி நிறுத்தினால், முன்னால் சொன்ன ஒப்பேற்றலையே நீங்களும் செய்ததாகும்.

நடுத்தகட்டையும் எடுத்த பிறகு உள் சில், அடிச்சட்டம், தூண்களின் அடி மூன்றையும் சுத்தித் தட்டிப் பாருங்கள். மந்தமான சத்தம் வரும் தகடு மெலிந்தது. நல்ல தகடு வரும்வரை அறுத்து, அங்கிருந்துதான் புதுத் தகடு தொடங்க வேண்டும். மெலிந்த தகட்டில் வெல்டிங் நிற்காது. நெருப்பு பட்டதும் ஓட்டை பெரிதாகிக்கொண்டே போகும்.

பொருத்துவதும் பற்றவைப்பதும்

உள் சில்லின் கீழ்ப்பாதியும் அடிச்சட்டமும் முதலில். பிறகு நடுத்தகடு. ஒன்றோடொன்று படியும் பரப்புகளில் துத்தநாகப் பிரைமர் அடியுங்கள். ஆனால் தகடுகளைச் சேர்க்க மேல்தகட்டில் போட்டு வெல்டால் நிரப்பும் ஓட்டைக்குள் அதைச் சுரண்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் வெல்டு பொங்கிப் பஞ்சு மாதிரி வரும். அந்தப் புகையை முகர்ந்தால் ராத்திரி காய்ச்சல் வரும், கதவைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள்.

நடுத்தகட்டைப் பற்றவைத்தாயிற்றா? வெளிச் சில்லை உடனே பற்றவைக்காதீர்கள். கிரிப் பிளையரால் மேலும் கீழும் பிடித்து, ஐந்தாறு இடத்தில் சுயமரை ஸ்க்ரூ போட்டு நிறுத்துங்கள். கதவை மூடுங்கள். முன் ஃபெண்டரைத் தூக்கி வைத்து நான்கு போல்ட்டில் மாட்டுங்கள். பின் கீழ்த்துண்டையும் இடத்தில் பிடியுங்கள். கதவின் அடி விளிம்புக்கும் சில்லுக்கும் நடுவே இடைவெளி ஒரே சீராக ஓடுகிறதா, ஃபெண்டரின் கீழ்மூலை சில்லின் வளைவோடு ஒட்டிப் படிகிறதா, கதவின் முகமும் ஃபெண்டரின் முகமும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா? காரின் பின்னால் குனிந்து நின்று பக்கவாட்டு மடிப்புக்கோட்டை ஒரே ஓட்டமாகப் பாருங்கள். புதுப் பேனல் புதியது என்பதாலேயே சரியாக இருக்காது. ஸ்க்ரூ ஓட்டையை இழுத்து அகலப்படுத்தி, விளிம்பைத் தட்டி, எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிப் பாருங்கள். இந்த ஒத்திகைக்கு ஒரு முழுநாள் போனாலும் நஷ்டமில்லை. வெல்டிங் அரைநாள் வேலைதான்.

திருப்தியானதும் சில்லைக் கழற்றி, விளிம்பில் 25 முதல் 35 மி.மீ. இடைவெளியில் 6 மி.மீ. ஓட்டைகள் போடுங்கள். அடியிலுள்ள தகடு 1.2 மி.மீ. என்றால் 8 மி.மீ. ஓட்டை. நடுத்தகட்டின் வெல்டுகள் விழுந்த இடங்களுக்கு நேரே வராமல் அவற்றின் நடுவே வரும்படி குறித்துக்கொள்ளுங்கள். உள் பரப்பு முழுக்க எபாக்ஸி பிரைமர் அடித்துக் காயவிடுங்கள், பிறகு அந்தப் பக்கம் தூரிகை போகாது.

காரில் தொடங்குமுன் அதே கனமுள்ள இரண்டு துண்டுத் தகடுகளில் ஒத்திகை வெல்டு போட்டு வைஸில் பிடித்துக் கிழியுங்கள். வெல்டு பொட்டு ஒரு தகட்டோடு ஒட்டிக்கொண்டு மற்றதில் ஓட்டை விழுந்தால் மெஷின் செட்டிங் சரி. பொட்டு பிய்ந்து சுத்தமாக வந்துவிட்டால் அடித்தகடு உருகவே இல்லை, கரண்டைக் கூட்டுங்கள். ஓட்டையின் நடுவே அடித்தகட்டில் சுடரைத் தொடங்கி, குளம் உருவானதும் சுருளாக விளிம்புக்கு வர வேண்டும். விளிம்பில் தொடங்கினால் மேலே அழகான பொட்டு இருக்கும், கீழே பிடிப்பு இருக்காது.

வெல்டிங் வரிசை: நடுவில் ஒன்று, முன்முனையில் ஒன்று, பின்முனையில் ஒன்று, மேலே, கீழே என்று தாவித் தாவிப் போடுங்கள். ஒரு முனையில் தொடங்கி வரிசையாகப் போனால் சூடு தகட்டைத் தள்ளிக்கொண்டே போய் மறுமுனையில் மடிப்பு விழும். பத்துப் பன்னிரண்டு பொட்டுக்கு ஒருமுறை கதவை மூடி டேப்பில் எழுதிய எண்களோடு ஒப்பிடுங்கள். ஒரு மி.மீ. நகர்ந்தாலும் அங்கேயே நிறுத்தி, பொட்டுகளை டிரில் போட்டு விடுவித்துச் சரிசெய்யுங்கள். அப்போது அது பத்து நிமிட வேலை.

சீட் பெல்ட்டின் கீழ்ப்பிடிப்பு இந்தப் பகுதியை ஒட்டியே இருக்கிறது. பிரிட்டன் சோதனை விதிப்படி பெல்ட், சஸ்பென்ஷன் போன்றவற்றின் பிடிப்பிலிருந்து 30 செ.மீ. தூரத்துக்குள் தகடு வலுவாக இருந்தாக வேண்டும், அங்கே போடும் ஒட்டுத்தகட்டின் விளிம்பு முழுக்கத் தொடர்ச்சியாகப் பற்றவைக்கப்பட்டிருக்க வேண்டும். காருக்குச் சோதனை தேவையோ இல்லையோ, இந்த விதியைக் கடைப்பிடியுங்கள்.

பின் ஃபெண்டர்

சில்லோடு சேர்ந்த கீழ்த்துண்டு மட்டும் போதுமென்றால், அறுத்த கோட்டில் முனைக்கு முனை சேர்த்து 1 மி.மீ. சந்து விட்டுப் பற்றவைக்க வேண்டும். ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றிப் போட்டால் பின்பக்கம் ஈரம் தங்கும் ஒரு படி உருவாகும். இரண்டு மழைக்காலத்தில் பட்டியின் மேலே அதே கோடு தெரியும். 25 மி.மீ.க்கு ஒரு டாக் (சிறு பொட்டு வெல்டு) வைத்து, கை வைக்கும் அளவுக்கு ஆறவிட்டு, டாலியைப் பின்னால் கொடுத்து ஒவ்வொரு டாக்கையும் லேசாகத் தட்டுங்கள். ஆறும்போது வெல்டு சுருங்கித் தகட்டை உள்ளே இழுக்கும். தட்டினால் மீண்டும் நீளும். ஈரத்துணியை வைத்து அவசரமாகக் குளிரவைக்க வேண்டாம்.

ஆர்ச் முழுதும் போயிருந்தால் பாதி ஃபெண்டர் வாங்கலாம். அதன் மேல்விளிம்பு பக்கவாட்டுக் குரோம் பட்டையின் கோட்டோடு நிற்கும், வெல்டுக் கோடு பட்டைக்குப் பின்னால் மறைந்துவிடும். துருவுக்கு இதுவே போதும். பட்டையின் கிளிப் ஓட்டைகளைப் பற்றவைப்பதற்கு முன்பே போட்டுவிடுங்கள், உள்ளே பிரைமர் அடிக்கும்போது அவற்றின் விளிம்பிலும் படும்.

இடிபட்டு மேல்பகுதிவரை நசுங்கிய காருக்கு முழுப் பின் ஃபெண்டர்தான். பூட்டுத் தூண், டிக்கி ஓரம், பின் விளக்கு, ஆர்ச் என்று சுற்றிலும் ஸ்பாட் வெல்டு. சில இணைப்புகளில் தொழிற்சாலையில் ஈயம் ஊற்றிச் சமன் செய்திருப்பார்கள். அந்த ஈயத்தை கிரைண்டரால் தூளாக்காதீர்கள், அது நுரையீரலுக்குப் போகும். மெல்லிய தீயில் இளக்கிச் சுரண்டி எடுங்கள். உள் ஆர்ச் பெரும்பாலும் வெளி ஆர்ச்சைவிட மோசமாக இருக்கும், அதை முதலில் முடியுங்கள். டிக்கி மூடியையும் பின் விளக்கையும் பம்பரையும் மாட்டிப் பார்த்த பிறகே கடைசி வெல்டு.

கதவைப் பற்றி ஒரே ஒரு விஷயம். முன் சின்னக் கண்ணாடியின் அடியில் கதவின் மேல்விளிம்பில் விரிசல் விடுவது எம்ஜிபியின் பரம்பரை வியாதி. விரிசலின் முனையில் 3 மி.மீ. ஓட்டை போட்டு நிறுத்தி, பின்னால் சின்னத் தகடு கொடுத்துப் பற்றவையுங்கள். வெறும் மேல்பூச்சாகப் பற்றவைத்தால் அடுத்த வருடம் அதே இடத்தில் பிளக்கும்.

மூடி அடைப்பது

வெல்டு பொட்டுகளை 60 நம்பர் ஃபிளாப் டிஸ்க்கால் தேய்க்கும்போது சுற்றியுள்ள தகட்டையும் சேர்த்து மெலியவைத்துவிடாதீர்கள். பட்டி 2 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் தேவைப்பட்டால் சுத்தி வேலை முடியவில்லை என்று பொருள். வெற்றுத் தகட்டின் மேல் எபாக்ஸி பிரைமர், அதன் மேல் பட்டி என்ற வரிசை ஈரத்துக்கு நல்லது. எல்லா இணைப்புக் கோடுகளிலும் பிரைமருக்குப் பிறகு சீம் சீலர் போடுங்கள். சில்லின் கீழ்ப்பாதிக்கு கல்தெறிப்புத் தாங்கும் பூச்சு அடித்து அதன் மேல் பெயிண்ட்.

முன் ஃபெண்டரைக் கடைசியாக மாட்டும்முன் அதன் உள்பக்கம் முழுதும் பெயிண்ட் ஆகியிருக்க வேண்டும். உள் ஃபெண்டரின் விளிம்பில் காயாத வகை மாஸ்டிக் பட்டை ஒட்டி, போல்ட்டுகளில் கிரீஸ் தடவி, எல்லாவற்றையும் பாதி இறுக்கத்தில் மாட்டி, கதவையும் பானட்டையும் மூடிப் பார்த்து, பிறகு இறுக்குங்கள். சேற்றுத் தடுப்புத் தகட்டுக்குப் புது ரப்பர் போடாமல் விட்டால் இவ்வளவு வேலையும் வீண்.

குழாய்ச் சட்டங்களை எல்லா வெல்டிங்கும் முடிந்த பிறகே அறுத்து எடுங்கள். ஜாக்கியை இறக்கிக் காரைச் சக்கரத்தில் நிறுத்தி, டேப்பிலுள்ள எண்களை இன்னொருமுறை ஒப்பிட்டுவிட்டுப் பெயிண்ட் வேலைக்கு அனுப்புங்கள்.

சில்லுக்குள் மெழுகு அடிப்பது பெயிண்ட் முடிந்து குறைந்தது ஒரு வாரம் கழித்து. முன்னதாக அடித்தால் மெழுகு கசிந்து பெயிண்ட்டை ஒட்டவிடாது, வெல்டிங்குக்கு முன் அடித்தால் தீப்பிடிக்கும். மெழுகு டப்பாவை வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, 360 டிகிரி தெறிக்கும் நீண்ட குழாயை நடுத்தகட்டின் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாக விட்டு அடியுங்கள். வெளிப்பக்கம் மட்டும் அடித்துவிட்டு முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். இரண்டு மூன்று நாள் அடியில் சொட்டும், அட்டையை விரித்து வையுங்கள். சொட்டு நின்றதும் சில்லின் வடிகால் ஓட்டைகளை ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். மெழுகு உறைந்து அடைத்திருக்கும்.

முதல் 200 கி.மீ. ஓடிய பிறகு முன் ஃபெண்டர் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். மாஸ்டிக் அமுங்கியதில் பாதியாவது கால் சுற்று வாங்கும்.